தண்ணீருக்கடியில் கல்லோடு பசை ஒட்டுமா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டியில் மூன்று கற்களை எபாக்சிப் பசை வைத்து ஒட்டி ஒரு வளைவு கட்டியிருந்தேன். எட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டம்மென்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் மேல் கல் கழன்று, கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை தள்ளி விழுந்து கிடந்தது. தொட்டி உடையாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

கல்லை எடுத்துப் புரட்டினேன். பசை நன்றாகவே இறுகியிருந்தது. நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை. ஆனால் கல்லில் அது உட்கார்ந்திருந்த இடம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. பசை இறுகுவது வேறு, ஒட்டுவது வேறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. டப்பாவில் "தண்ணீருக்கடியிலும் இறுகும்" என்று போட்டிருந்தால், அது இறுகுவதைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே. ஒட்டுகிறதா என்பதை நாம்தான் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு டப், கொஞ்சம் கிரானைட் துண்டு, போல்ட், வாளி, ஒரு மாதப் பொறுமை இருந்தால் போதும். தொட்டிக்குக் கல் அடுக்குகிறவர்கள், கிணற்றுக்குள்ளோ குளத்துப் படியிலோ அளவுகோல் பதிக்க நினைக்கிறவர்கள், கடலோரப் பாறையில் ஆய்வுத் தகடு ஒட்டப்போகும் மாணவர்கள் எல்லோருக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்களுக்குத் தண்ணீரென்றால் உயிர். உலர்ந்த கல்லில் ஒரு சொட்டு விட்டால் முத்தாக நிற்காமல் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கும். நாம் வைக்கும் பசை அந்தப் படலத்தை விரட்டிவிட்டுக் கல்லைத் தொட வேண்டும். விரட்டாவிட்டால் பசை தண்ணீரின்மேல் உட்கார்ந்து, அப்படியே இறுகிப்போகும். என் கல் வளைவுக்கு நடந்தது அதுதான்.

கடலோரப் பாறையில் கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கும் மட்டிகள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டன. மட்டி தன் காலைப் பாறையில் அழுத்தித் தேய்த்து, அடியில் இருக்கும் தண்ணீரை விலக்கி, அப்புறம்தான் புரதப் பசையைச் சுரக்கும். அந்தப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதை ஹெர்பர்ட் வெயிட் 1981-இல் காட்டினார். ஈரப் பசை ஆராய்ச்சியில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்ததுதான். நமக்கு டோபா கிடைக்காது. சுத்தம் செய், தண்ணீரை விலக்கு, பிறகு ஒட்டு என்ற வரிசையை மட்டும் மட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கல்லும் தண்ணீரும்

கிரானைட் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்ட பக்கத்தில் சோதிக்காதீர்கள். இயற்கைப் பாறை அப்படி இருக்காது. அடிப்பக்கம், வாள் அறுத்த சொரசொரப்போடு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் கடைசியில் ஒட்டப்போவது சுண்ணாம்புக்கல் என்றால் கிரானைட்டில் சோதித்துப் பயனில்லை. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகைதான், அதை வாங்கிக்கொள்ளலாம். மணற்கல் என்றால் மணற்கல். எந்தக் கல்லில் ஒட்டப்போகிறோமோ அதே கல், இதில் சமரசம் கூடாது.

கல்லைக் குறைந்தது இரண்டு நாளாவது தண்ணீரில் ஊறப்போடுங்கள். போட்டவுடன் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும்; கல்லின் நுண்துளைகளில் இருந்த காற்று அது. ஊறாத கல்லில் ஒட்டினால் அந்தக் காற்று பசைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதோடு, பாதி உலர்ந்த கல் பசையை உறிஞ்சி, இல்லாத பலத்தைக் காட்டி உங்களை ஏமாற்றும்.

கடல்நீருக்காகச் சோதிக்கிறீர்கள் என்றால் லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு அது போதும், விலையுயர்ந்த மீன்தொட்டி உப்பு தேவையில்லை. தண்ணீரின் வெப்பநிலையை ஒரு வெப்பமானியால் பார்த்துக் குறித்து வையுங்கள். பத்து டிகிரி கூடினால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னையில் மே மாதம் பார்த்த முடிவை ஊட்டியில் டிசம்பரில் நம்பினால் ஏமாற்றம்தான்.

எந்தப் பசைகளைச் சோதிப்பது

எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். வகைக்கு ஒன்று போதும்.

எபாக்சி மாவு: எம்-சீல்போல, இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைவது. கையாளச் சுலபம், தண்ணீரில் கரைந்து ஓடாது. தொட்டிக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது இந்த வகைதான்.

திரவ எபாக்சி: இரண்டு டியூப், கலந்து தடவுவது. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது கடினமாக்கி, அதாவது பசையை இறுகவைக்கும் இரண்டாவது டியூப். சாதாரண அமீன் கடினமாக்கி தண்ணீரைத் தொட்டதும் வெளுத்துப்போய், மேலே வழவழப்பாக ஒரு படலம் கட்டும். ஃபினால்கமைன் என்ற வகை ஈரத்திலும் குளிரிலும்கூட ஒழுங்காக இறுகும். கப்பல் பெயின்டுகளில் அதற்கு நல்ல மவுசு. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் இருக்கும் கார்டனாலிலிருந்து. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது கையைப் புண்ணாக்குகிற அதே எண்ணெய்தான் கப்பலின் அடிப்பாகத்தைக் காக்கிறது. கடையில் எபாக்சி வாங்கும்போது தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கி, கடினமாக்கி என்ன வகை என்று பாருங்கள்.

சயனோஅக்ரிலேட் ஜெல்: ஃபெவிக்விக் குடும்பம், ஆனால் ஜெல்லாக இருக்க வேண்டும். இது இறுகுவதே ஈரத்தால்தான், அதனால் தண்ணீருக்குள் வைத்தவுடன் மேலே தோல் கட்டிவிடும். அந்தத் தோலோடு கல்லில் வைத்தால் ஒட்டாது. அழுத்தித் திருகித் தோலைக் கிழித்தால்தான் உள்ளே இருக்கும் ஜெல் கல்லைத் தொடும். கெட்டியானபின் நொறுங்கும் குணம் உண்டு, பக்கவாட்டு அடியைத் தாங்காது.

சிமென்ட்: ஒழுகும் தொட்டியை அடைக்க விற்கும், சில நிமிடங்களில் இறுகும் பொடி. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையாக உள்ளே கொண்டுபோக வேண்டும். இளக்கமாக இருந்தால் பால்போலக் கரைந்து போகும். வெறும் சுண்ணாம்பு இதற்கு உதவாது, அது இறுகக் காற்றிலிருக்கும் கரியமிலவாயு வேண்டும். செங்கல் தூளை, அதாவது சுர்க்கியைச் சேர்த்தால் கதை மாறும். தண்ணீரிலேயே இறுக ஆரம்பிக்கும். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்குள் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைதான். ஆர்வம் இருந்தால் அதையும் ஒரு வரிசை சேர்த்துச் சோதியுங்கள், எனக்கு அதில் தனி ஆசை.

சிலிகானை நான் சேர்க்கவில்லை. கண்ணாடித் தொட்டி ஒட்ட அது அருமையான பொருள், ஆனால் உலர்ந்த கண்ணாடிக்கு.

இழுக்கும் சாமான்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பத்து எம்எம் போல்ட், 17 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் தலை உள்ளது. கடல்நீர் என்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். போல்ட்டின் தலைதான் கல்லில் ஒட்டப்போகும் முகம். தலையில் எழுத்து புடைத்திருக்கும். உப்புத்தாளைச் சமதளத்தில் வைத்துத் தேய்த்து எழுத்தை எடுத்துவிட்டு, முகத்தைச் சொரசொரப்பாக்குங்கள். அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் படக்கூடாது, விரல் எண்ணெய் ஒன்றே போதும் சோதனையைக் கெடுக்க.

தலையின் ஓரம் சற்றுச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். எனவே தட்டையான வட்டத்தின் விட்டத்தை அளந்து கொள்ளுங்கள். 16 மிமீ என்றால் பரப்பு 2 சதுர செமீ. கணக்குக்கு இவ்வளவுதான் வேண்டும்.

பசை ஒவ்வொன்றுக்கும் ஐந்து போல்ட். அதோடு ஒவ்வொரு பசையிலும் மூன்று போல்ட்டை உலர்ந்த கல்லில் ஒட்டித் தனியே வையுங்கள். பசை நல்ல நிலையில் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல், தண்ணீரில் எவ்வளவு இழந்தது என்று எப்படிச் சொல்வது? ஒரு கல் பலகைக்கு ஒரு பசை என்று பிரிக்காதீர்கள். கலந்து ஒட்டுங்கள், எந்த இடத்தில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். இல்லையென்றால் ஒரு கல் நல்ல கல்லாக அமைந்துவிட, அந்தப் புகழெல்லாம் பசைக்குப் போய்விடும்.

ஒட்டும் நாள்

நைட்ரைல் கையுறை போடாமல் தொடங்காதீர்கள். இறுகாத எபாக்சி தோலில் பட்டுப்பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே போக முடியாது. சயனோஅக்ரிலேட்டைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது. சூடாகிப் புகையே வரும். சிமென்ட் காரம், தோலை அரிக்கும்.

டப்பில் பலகையைப் படுக்கவைத்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன்பு, தண்ணீருக்குள்ளேயே கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு இடத்தையும் தேயுங்கள். கடலிலோ குளத்திலோ கிடக்கும் கல்லில் சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்படலம் படிய ஆரம்பித்துவிடும்; பச்சையாகப் பாசி தெரிவதெல்லாம் அதற்கு ரொம்பப் பிந்தி. உண்மை நிலைமை தெரிய வேண்டுமென்றால், ஒரு பலகையை இரண்டு வாரம் வெயிலில் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பாசி பிடிக்கவிடுங்கள். அதில் பாதி இடத்தைத் தேய்த்தும் பாதியைத் தேய்க்காமலும் ஒட்டிப் பாருங்கள். பசைக்குப் பசை இருக்கும் வித்தியாசத்தைவிட, தேய்த்ததற்கும் தேய்க்காததற்கும் இருக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கக்கூடும். என் பலகையில் அப்படித்தான் இருந்தது.

பசையைத் தண்ணீருக்கு வெளியே கலந்து, உலர்ந்த போல்ட் தலையில் வெளியிலேயே தடவுங்கள். அப்போது இரும்புப் பக்கத்தில் நல்ல பிடிப்பு, கல் பக்கத்தில் மட்டும் தண்ணீரோடு போராட்டம். நமக்கு வேண்டிய சோதனை அதுதான். தடவும்போது தட்டையாகத் தடவாதீர்கள். நடுவில் குவிந்து, ஓரத்தில் சரிந்து, சின்னக் கொழுக்கட்டைபோல இருக்கட்டும். அப்படி இருந்தால் நடுப்பகுதி முதலில் கல்லைத் தொட்டு, தண்ணீரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே பரவும். தட்டையான பசை தண்ணீரை நடுவில் சிறைபிடித்துவிடும்.

போல்ட்டை உள்ளே கொண்டுபோய்ச் செங்குத்தாக அழுத்தி, இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை திருகுங்கள். மட்டி செய்கிற வேலை இது. பிறகு கையை எடுத்துவிடுங்கள். போல்ட்டின் எடையே அழுத்திக்கொண்டிருக்கும். திரவப் பசைகளுக்கு அடுக்கின் தடிமன் ஒரே மாதிரி இருக்க, ஓரத்தில் அரை மிமீ தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நரம்புத் துண்டு இரண்டை வைத்துக்கொள்ளலாம். சுற்றிப் பிதுங்கி வந்ததைப் பல்குச்சியால் உடனே வழித்து எடுங்கள். அதை விட்டுவைத்தால் ஒட்டிய பரப்பு கூடி, எண் பொய் சொல்லும்.

எந்த இடத்தில் எந்தப் பசை, எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை டிகிரி என்பதை அப்போதே எழுதுங்கள். நாளைக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது.

காத்திருப்பு

பலகையைத் தண்ணீரை விட்டு எடுக்கவே கூடாது. ஒரு மணி நேரம் காற்றில் வைத்தாலும் அது வேறு சோதனை. ஏழாம் நாள் ஒரு வரிசை, இருபத்தெட்டாம் நாள் ஒரு வரிசை என்று இழுப்பது வசதி. அதற்கேற்ப ஐந்தைந்தாக இரண்டு தொகுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சிமென்ட் நாளாக ஆகப் பலம் கூடும். சில பசைகள் நேர்மாறு. முதல் வாரம் கம்பீரமாக நின்று, தண்ணீர் ஓரத்திலிருந்து கல்லுக்கும் பசைக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போக, மாதக் கடைசியில் தளர்ந்துவிடும். என் வளைவு எட்டு நாள் நின்றதை நினைத்துப் பாருங்கள். மறுநாளே இழுத்துப் பார்த்திருந்தால் அருமையான பசை என்று சான்றிதழே கொடுத்திருப்பேன்.

இழுக்கும் நாள்

இரண்டு உறுதியான ஸ்டூல்களை இடைவெளி விட்டு வைத்து, பலகையைக் கவிழ்த்துக் குறுக்கே வையுங்கள். போல்ட்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். இழுக்கவேண்டிய போல்ட்டில் வளைய நட் ஒன்றை மாட்டி, எஸ் கொக்கி, கயிறு, வாளி என்று தொங்கவிடுங்கள். கொக்கியும் கயிறும் தாராளமாக அசைய வேண்டும்; அப்போதுதான் இழுப்பு நேராக விழும். கோணலாக இழுத்தால் ஓரத்திலிருந்து உரிந்து வரும், எண் குறைந்துவிடும். வாளியின் அடி தரையிலிருந்து நாலு விரற்கடைக்கு மேல் இருக்கக்கூடாது. கீழே பழைய மெத்தையோ சாக்கோ போடுங்கள், காலை அந்தப் பக்கம் வைக்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த பலகை காய்வதற்குள் இழுத்து முடியுங்கள்.

அரை லிட்டர் மக்கால் வாளியில் தண்ணீர் ஊற்றுங்கள், பத்து வினாடிக்கு ஒரு மக். சீராக ஊற்றுவது முக்கியம். அவசரமாகக் கொட்டினால் பசை உண்மையைவிடப் பலமாகத் தெரியும், ரொம்ப மெதுவாகப் போனால் குறைவாகத் தெரியும். போல்ட் விழுந்ததும் வாளியோடு தொங்கிய எல்லாவற்றையும் சேர்த்து எடை பார்க்க வேண்டும். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு போதும்.

மொத்தம் 9 கிலோவில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 2 சதுர செமீ. சதுர செமீக்கு 4.5 கிலோ. பொறியியல் தாள்களோடு ஒப்பிட மெகாபாஸ்கல் வேண்டுமென்றால் 10.2-ஆல் வகுக்க வேண்டும், 0.44 வரும். இருபது லிட்டர் வாளி நிறைந்தும் விழவில்லையா? தண்ணீருக்குப் பதில் ஈர மணல் போடுங்கள், அதுவும் போதாவிட்டால் பெரும்பாலான வீட்டு வேலைகளுக்கு அந்தப் பசை தேறிவிட்டது என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடைந்த முகத்தைப் படிப்பது

புதிதாக வருகிறவர்கள் கிலோவைக் குறித்துவிட்டுப் போல்ட்டைக் குப்பையில் போடுகிறார்கள். எண்ணைவிட அதிகம் சொல்வது அந்தப் போல்ட்டின் முகம்தான். வெளிச்சத்தில் பிடித்து, ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பசை முழுவதும் போல்ட்டோடு வந்து, கல் சுத்தமாக இருந்தால் தண்ணீர் வென்றுவிட்டது. எண் பெரிதாக இருந்தாலும் இந்த முடிவை நம்ப மாட்டேன்; மூன்று மாதம் விட்டால் அது இறங்கும். பசை இரண்டு பக்கமும் இருந்தால் ஒட்டுதல் நன்றாக இருந்து, பசையின் உடம்பே பிய்ந்திருக்கிறது. பசையின் முகத்தில் கல் துகள்கள் ஒட்டி வந்திருந்தால் கல்லே தோற்றுவிட்டது, அதற்கு மேல் எந்தப் பசையாலும் செய்ய முடியாது. கல்லில் பசையோடு போல்ட் மட்டும் கழன்று வந்தால் அது இரும்புப் பக்கத்துத் தோல்வி. அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காமல், முகத்தை இன்னும் நன்றாகத் தேய்த்துத் திரும்ப ஒட்டுங்கள்.

நடுவில் பளபளப்பாக, வழவழவென்று ஒரு வட்டம் தெரிகிறதா? அங்கே தண்ணீர் சிறைபட்டிருந்தது. தவறு பசையுடையது இல்லை, கொழுக்கட்டை சரியாக அமையவில்லை. கண்ணாடித்தாளில் மில்லிமீட்டர் கட்டம் அச்சடித்து மேலே வைத்து எண்ணினால் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்படிப் போயிற்று என்று சொல்லிவிடலாம்.

எண்களைப் பார்க்கும்போது சராசரியில் மயங்க வேண்டாம். ஒரு பசை 12, 11, 13, 2, 12 என்றும், இன்னொன்று 8, 7, 8, 7, 8 என்றும் வந்தால் சராசரியில் முதலாவதுதான் ஜெயிக்கும். என் தொட்டிக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். விழப்போவது அந்த 2-தானே.

வாளி சொல்லாத இரண்டு விஷயம்

ஒன்று, நீண்டகாலச் சுமை. சில நிமிடத்தில் 9 கிலோ வரை தாங்கிய பசை, 3 கிலோவை ஒரு மாதம் தாங்குமா? போல்ட் ஒன்றில் உடையும் எடையின் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீருக்குள்ளேயே தொங்கவிட்டுப் பாருங்கள். தண்ணீருக்குள் தொங்கும் கல் எடை குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு கிலோ கிரானைட் உள்ளே ஏறக்குறைய 630 கிராம்தான்.

மற்றது, பக்கவாட்டு இழுப்பு. அலையும் மீனும் பம்பும் கல்லை நேராக இழுப்பதில்லை, பக்கத்திலிருந்து தள்ளும். பலகையைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி, போல்ட்டின் நுனியில் வாளியைத் தொங்கவிட்டால் அது நெம்புகோலாக வேலை செய்து ஒரு ஓரத்தைப் பிய்க்கும். நேர் இழுப்பில் முதலிடம் வந்த பசை இதில் கடைசிக்குப் போவதும் உண்டு, முக்கியமாக நொறுங்கும் வகைகள். இதனால்தான் பவளத் துண்டு ஒட்டுகிறவர்கள் ஜெல், நடுவில் எபாக்சி மாவு, மறுபடி ஜெல் என்று அடுக்குகிறார்கள். ஜெல் உடனே பிடித்துக்கொள்ளும், மாவு மேடுபள்ளத்தை நிரப்பும். உங்கள் பட்டியலில் அதையும் ஒரு பசையாக வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் தேறிய பசையை வெளியே எடுத்துப்போகும் முன்பு ஒன்று. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கல்லில்கூடக் கை வைக்க முடியாது. பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்தான். தொட்டிக்குள் ஒட்டுவதாக இருந்தால், சோதனையில் தேறிய பசையானாலும் முதலில் ஒரு தனி வாளியில் ஒட்டி, மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்திருந்து அப்புறம் உள்ளே இறக்குங்கள். சிமென்ட் என்றால் இன்னும் அதிக நாள், தண்ணீரின் காரத்தன்மை இறங்கும்வரை. டப்பில் மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பும் பசையும் சேர்ந்தது அது. என் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி அப்படித்தான் போனது.